பனி தோண்டிய ஏரியில் எள்ளுச் சோறு

அன்று அந்த மரக் கொட்டகையில் இருந்தவர்கள்: ஏரிச் சங்கத்தின் தலைவர் ஃபிராங்க், வாசலில் உட்கார்ந்து உறுப்பினர் பேட்ஜ் பார்க்கும் டோரத்தி அம்மாள், கமிட்டி ஆட்கள் நாலு பேர் (அதில் இரண்டு பேர் புருஷன் பெண்டாட்டி), வாரா வாரம் தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்க வரும் சுகாதார இலாகா பெண்மணி, எங்களை முதன்முதலில் அந்த ஏரிக்குக் கூட்டிப்போன கோபால் சார், டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு நேராக வந்திருந்த என் மனைவி செல்வி, எட்டு வயது மகள் பவித்ரா, கடைசி பெஞ்சில் நான். ஆக மொத்தம் பதினொரு பேர்.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்று முழுக்க நான் வேறு வேலையே பார்க்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, இவருக்குத் தெரிந்திருக்குமோ, அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பவித்ராவுக்குத் தெரியும், அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. செல்விக்குப் பாதி தெரியும். கோபால் சாருக்குச் சந்தேகம். மற்ற ஏழு பேருக்கும் ஒன்றும் தெரியாது.

ஏரிக் கரையில் மூன்று வாரமாகச் சிவப்புக் கொடி. தண்ணீரில் கிருமி, யாரும் இறங்கக் கூடாது. கரையை ஒட்டி இருக்கும் டோரத்தி அம்மாளின் வீட்டுக் கழிவுத் தொட்டி பழசு, அதிலிருந்துதான் கசிகிறது என்று கமிட்டி முடிவுக்கு வந்திருந்தது. தோட்டத்தைத் தோண்டிப் புதுத் தொட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும். அதற்கு ஓட்டுப் போடத்தான் அன்று கூடியிருந்தார்கள். தொட்டி வைக்கிற அளவு காசு அந்த அம்மாளிடம் இல்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கிருமி எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான்.

அரண்டவன்

போன வாரம் இந்தப் பத்தியில் புகை அலாரத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "ஒரு மனுஷன் இவ்வளவுமா பயப்படுவான்?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பயப்படுவான். தாளிக்கும்போது அலாரம் அடித்தால் போலீஸ் வரும் என்று நம்பி, ஆறு மாதம் கடுகு வெடிக்காமலே குழம்பு வைத்தவன் நான்.

சாத்தூர் பக்கம் எங்களுக்கு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கொஞ்ச நாள் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன், பிறகு லாரி ஷெட்டில் பில் எழுதினேன். செல்வி நர்சிங் படித்தவள். நியூ ஜெர்சியில் ஒரு ஆஸ்பத்திரி அவளைக் கூப்பிட்டது. எங்கள் பக்கத்தில் புருஷனுக்குப் பின்னால்தான் பெண்டாட்டி போவாள். நான் பெண்டாட்டிக்குப் பின்னால் விமானம் ஏறினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பார்சிப்பனியில் ஒரு அபார்ட்மெண்ட். என் விசாவில் நான் வேலை பார்க்கக் கூடாது. சமைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது, மிச்ச நேரம் பயப்படுவது என்று பொழுது போனது. கண்ணாடித்தாள் ஜன்னல் வைத்த கவர் தபாலில் வந்தால் செல்வி வரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பேன். கிரீன் கார்டுக்கு மனுப் போட்டிருந்தோம், அதனால் எந்தக் கவரும் அதுவாக இருக்கலாம்.

எந்த ராஜா வெட்டினது

கோபால் சார் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. ஏரிக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, ஏரிச் சங்கத்தில் உறுப்பினரும் ஆகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வாங்க சார், குழந்தை ஸ்விம் பண்ணட்டும், நாம ரிலாக்ஸ் பண்ணலாம்" என்று விருந்தாளிக் கணக்கில் எங்களை உள்ளே கூட்டிப்போனார்.

பவித்ரா தண்ணீரைப் பார்த்ததும் ஓடினாள். நான் எதிர்த் திசையில் ஓடி, வாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன். பிள்ளை மூழ்குவதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்ற பயம். வாசலில் மடக்கு நாற்காலியில் டோரத்தி அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், வெயிலில் சிவந்த கழுத்து, காதில் சொருகிய பென்சில். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவரில் சாய்த்திருந்த இன்னொரு நாற்காலியை விரித்துப் போட்டார்.

அந்த நாற்காலியில் நான் இரண்டு கோடை உட்கார்ந்தேன்.

அவருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. தினமும் காலையில் தண்ணீரின் சூட்டை ஃபாரன்ஹீட்டில் அளந்து அதில் எழுதுவார். போனதும் நான் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்குத் தண்ணி எப்படி?" வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவர் வைத்தியர் சொல்வது போல நிதானமாகச் சொல்வார்.

"மேல் தண்ணி எழுபத்திரெண்டு. நல்லாயிருக்கு. ஆனா இடுப்புக்குக் கீழ அது வேற ஏரி. போன வருஷத்துப் பனி இன்னும் போகல."

நிஜம்தான். ஒரு நாள் தைரியம் வந்து நெஞ்சளவு இறங்கினேன். மேலே வெந்நீர் போல இருந்தது. கால் மட்டும் ஐஸ் பெட்டிக்குள் விட்டது போல மரத்துப்போனது. ஒரே தண்ணீருக்குள் இரண்டு பருவம்.

புதன்கிழமைகளில் துடுப்புப் படகில் நடு ஏரிக்குப் போய், கறுப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார். தட்டு கண்ணுக்கு மறைகிற இடம் வரை கயிற்றில் எத்தனை முடிச்சு என்று எண்ணுவார். முடிச்சு கூடினால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. "பதினாலு முடிச்சு" என்று திரும்பி வந்து சொல்லும்போது, ஏரி அவரே துடைத்து வைத்த கண்ணாடி என்பது போல முகத்தில் ஒரு பெருமை.

எனக்குத் தெரிந்த நீர்நிலை கண்மாய். எந்தக் கண்மாயானாலும் யாராவது வெட்டியிருப்பார்கள், மடை வைத்திருப்பார்கள், பேர் இருக்கும். அதனால் ஒரு நாள் கேட்டேன். "இது யார் வெட்டினது? எந்த ராஜா?"

அவர் சிரிக்கச் சிரிக்கப் பென்சில் காதிலிருந்து விழுந்துவிட்டது.

"ராஜா இல்ல. பனி."

பனி அறுத்தவர்கள்

பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து மலை உயரத்துக்குப் பனி நகர்ந்து வந்ததாம். கல்லை, மண்ணை, மரத்தை எல்லாம் வழித்துக்கொண்டு வந்து இந்த இடத்தில் நின்றுவிட்டதாம். பிறகு உருகிப் பின்வாங்கிப் போனபோது, தோண்டிய பள்ளத்தில் நின்ற தண்ணீர்தான் இந்த ஏரி. கரையில் அங்கங்கே கிடக்கும் பெரிய பாறைகள் எதுவும் உள்ளூர்க் கல் இல்லை. பனி சுமந்து வந்து இறக்கி வைத்தவை. "இதெல்லாம் எங்கேயோ பிறந்த கல்லு" என்றார். எனக்கு அந்தப் பாறைகளின் மேல் ஒரு பிரியம் வந்தது.

அவருடைய மாமனார் காலத்தில் குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் அதன் மேல் குதிரைகளை இறக்குவார்களாம். குதிரைக்கு ஆணி வைத்த லாடம். நீள ரம்பத்தால் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, ஜன்னலே இல்லாத ஒரு பெரிய கட்டடத்தில் மரத்தூளுக்கு நடுவே அடுக்குவார்கள். கோடையில் அது ரயிலேறி நியூயார்க்குக்குப் போகும். ஓட்டல்காரர்கள் இந்த ஏரியின் பனியைப் போட்டுத்தான் பானம் கொடுத்தார்களாம்.

பிறகு ஃபிரிட்ஜ் வந்தது. பனி வீடு சும்மா கிடந்து ஒரு நாள் எரிந்து போனது. அதன் அஸ்திவாரம் மட்டும் உடை மாற்றும் அறைகளுக்குப் பின்னால் புல்லுக்குள் இருந்தது. அப்புறம் கரையில் ஒரு ஓட்டல், ஒரு நடன மண்டபம் எல்லாம் வந்து, அவையும் போயின. கடைசியில் கரையில் வீடு வைத்திருந்தவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, மணல் கொட்டி, பிள்ளைகள் குளிக்கிற இடமாக ஆக்கினார்கள்.

"மணல் இங்க இருந்ததில்லையா?"

"லாரியில வந்தது."

"எத்தனை நடை?" என்று கேட்டேன். லாரி ஷெட்டில் இருந்தவனுக்கு அதுதானே தோன்றும். அவரும் யோசித்து, தன் வீட்டு வாசலில் நின்று எண்ணியதை நினைவுபடுத்திச் சொன்னார். அமெரிக்காவில் என் கேள்வி ஒன்றுக்கு ஒருவர் உட்கார்ந்து யோசித்துப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த நாற்காலிக்கு நான் பட்ட நன்றிக்கடனை எழுதிக் காட்டத் தெரியவில்லை.

காக்கை வராத இடம்

இரண்டாவது கோடையில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. எனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். சனிக்கிழமைதோறும் காக்கைக்கு எள்ளுச் சோறு வைக்க வேண்டும், வைத்தால்தான் நினைத்த காரியம் நடக்கும் என்று எழுதியிருந்தாள். நினைத்த காரியம் கிரீன் கார்டு. எனக்கு வேறு என்ன வேண்டும்.

பால்கனியில் வைத்தேன். அபார்ட்மெண்ட் மேனேஜர் கவர் அனுப்பினார், ஜன்னல் வைத்த கவர். அதோடு பால்கனி முடிந்தது. நியூ ஜெர்சிக் காக்கை நம் ஊர்க் காக்கை மாதிரி கூப்பிட்டால் வராது. எங்கோ உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பேசாமல் இருக்கும்.

சனிக்கிழமை செல்விக்குக் காலை ஷிப்ட். ஏழு மணிக்கு முன்னால் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, பின் சீட்டில் தூங்கும் பவித்ராவோடு ஏரிக்குப் போவேன். பனி வீட்டு அஸ்திவாரத்தைத் தாண்டி இடது கோடியில் ஒரு பெரிய பாறை. அதற்குப் பின்னால் பைன் மரங்கள், அதில் காக்கை உண்டு. பாறை மேல் சோற்றை வைத்துவிட்டு, "கா, கா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

முதல் சனிக்கிழமை ஒரு காக்கை வந்தது. ஒரு வாய் எடுத்தது. அந்த ஒரு வாயை நம்பி ஏழு வாரம் வைத்தேன்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அங்கே 'கூஸ்' என்கிற காட்டு வாத்து. கறுத்த கழுத்து, கன்னத்தில் வெள்ளை, நம் ஊர் வாத்தைப் போல மூன்று மடங்கு. முதல் வாரம் நாலு. அடுத்த வாரம் பத்துப் பன்னிரண்டு. சோற்றின் அளவும் கூடியது, அது என் பிசகு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோபால் சார் வீட்டில் ஐந்தாறு குடும்பம் கூடிச் சாப்பிடுவோம். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் அலுமினியத் தட்டு தட்டாக மிஞ்சும். குப்பைப் பையைத் திறப்பார்கள். சோற்றைக் குப்பையில் போடுவதைப் பார்க்க எனக்கு ஆகாது. "கொடுங்க, நான் போட்டுடறேன்" என்று வாங்கிக்கொள்வேன். எங்கே போடுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

செல்வி மட்டும் ஒரு நாள் டப்பாவைக் கழுவும்போது கேட்டாள். "ஏங்க, காக்காவுக்கு வைக்கிறீங்களா, வாத்துப் பண்ணை வைக்கப் போறீங்களா?"

"காக்காவுக்குத்தான் வைக்கேன். வாத்து சாப்பிட்டா நான் என்ன செய்ய?"

"சனி பகவான் வாகனத்தை மாத்திட்டாரு போல."

வாசலில் ஏரி விதிகள் எழுதிய பலகை இருந்தது. அதைப் படிக்கவில்லை என்று சொன்னால் பொய். எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது என்று அதில் இருந்தது. நான் பறவைக்குத் தீனி போடவில்லை, சனி பகவானுக்குப் படைக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு வக்கீலை வைத்து வாதாடினேன். ஏழாவது வாரம் பாறையைச் சுற்றி அறுபது வாத்துகள். ஒரு நாள் நான் பிந்திப் போனபோது கார் நிறுத்தும் இடம் வரை வந்து காத்திருந்தன.

சிவப்புக் கொடி

வாத்து தின்ற இடத்திலேயே கழியும். ராத்திரி மணலில் படுக்கும். மழை பெய்தால் அவ்வளவும் ஏரிக்குள் போகும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

திங்கள்கிழமைகளில் சுகாதார இலாகா பெண்மணி ஐஸ் பெட்டியோடு வந்து, சிறு பாட்டில்களில் தண்ணீர் எடுத்துப் போவார். கிருமி வளர்ந்து தெரிய ஒரு நாள் ஆகும். ஒரு செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது. டோரத்தி அம்மாள் எழுந்து போய்ப் பச்சைக் கொடியை இறக்கிவிட்டுச் சிவப்பை ஏற்றினார். புதன்கிழமை படகில் போய் வந்து, "ஒன்பது முடிச்சு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபிராங்க் ஓய்வு பெற்ற கட்டட மேஸ்திரி. குழாய், தொட்டி இவற்றில்தான் அவருக்கு நம்பிக்கை. "வாத்து வரும் போகும். தொட்டி அங்கேயேதான் இருக்கு" என்பார். சந்தேகம் தீர, டோரத்தி அம்மாளின் கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். தொட்டி கசிந்தால் சாயம் ஏரியில் தெரியும். எல்லோரும் கரையில் நின்று குனிந்து பார்த்தார்கள். அந்த வெயிலில் பாசி பிடித்து ஏரியே பச்சையாக இருந்தது. பாதிப் பேருக்குச் சாயம் தெரிந்தது, பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

அந்த மூன்று வாரமும் நான் டோரத்தி அம்மாளின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எள்ளுச் சோற்றை நிறுத்தவும் பயம், தொடரவும் பயம். பாதியாகக் குறைத்தேன். வாத்து குறையவில்லை.

கோபால் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர். ஏரி விதியை மீறிட்டார். ஒத்துக்கிட்டா கிரீன் கார்டுக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரிஞ்ச ஒருத்தரா? சரி, தெரிஞ்ச ஒருத்தர். அப்ளிகேஷன் பெண்டிங்ல இருக்கும்போது அவர் பேர்ல எந்த ரெக்கார்டும் இருக்கக் கூடாது சார். ஃபைன் கட்டினாலே ரெக்கார்டுதான். இண்டர்வியூல கேப்பான். யெஸ்னு சொன்னா லாயர், நோன்னு சொன்னா பொய். எதுக்கு ரிஸ்க்? உங்க ஃப்ரெண்டை வாயை மூடிட்டு இருக்கச் சொல்லுங்க."

என் ஃப்ரெண்ட் வாயை மூடிக்கொண்டிருந்தான். செல்வி இரண்டு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த வாழ்க்கை, என் வாயால் போய்விடக் கூடாது என்று மட்டும் நினைத்தான்.

மறுபடியும் கொட்டகை

ஓட்டுக்கு முன்னால் ஃபிராங்க் கேட்டார். "டோரத்தி, ஏதாவது சொல்லணுமா?"

அவர் எழுந்து நின்றார். அன்று காதில் பென்சில் இல்லை.

"தோண்டணும்னா தோண்டிக்கோங்க. விக்கணும்னா விக்கறேன். ஏரிக்கு நான் கெடுதல் பண்ணினேன்னு மட்டும் மினிட்ஸ் புத்தகத்துல எழுதாதீங்க."

பவித்ரா என் சட்டையை இழுத்தாள். "டாட். டெல் தெம்." தூங்குகிறாள் என்று நான் நினைத்த எல்லாச் சனிக்கிழமையும் அவள் கார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச ஆங்கிலமும் அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது.

"சார். கூஸ் இஸ் மை ரைஸ்" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "உக்காருங்க சார், உக்காருங்க" என்று கோபால் சார் பல்லுக்குள் சொன்னார். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் பாதி தெரிந்தது முழுசாகிவிட்டது அவளுக்கு. எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, நோயாளியின் விவரத்தை அடுத்த ஷிப்ட் நர்சிடம் ஒப்படைக்கிற குரலில், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், எவ்வளவு சோறு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நடுநடுவே என்னைத் தமிழில் கேட்டுக்கொண்டாள்.

"எத்தனை வாரம்?"

"ஏழு. குறைச்சுப் போட்டதையும் சேத்தா பத்து."

"பத்து வாரமா? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுதேன்."

ஃபிராங்க் கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்காக?"

சனி கிரகத்துக்காக என்று செல்வி சொன்னாள்.

"சனி கிரகத்துக்கு. வாத்து மூலமாவா?"

"காக்கா மூலமா" என்றேன் நான். "காக்கா வரல."

கமிட்டியில் இருந்த தம்பதியில் புருஷன்காரர் இதையும் மினிட்ஸில் எழுதினார். நான் பார்த்தேன்.

சுகாதார இலாகா பெண்மணி அதுவரை வாயைத் திறக்கவில்லை. தன் நோட்டைப் புரட்டி, "எந்தப் பாறை?" என்று கேட்டார். காட்டினேன். கரையின் இடது கோடி, நடு, வலது கோடி என்று மூன்று இடத்தில் அவர் தண்ணீர் எடுப்பாராம். ஒவ்வொரு வாரமும் மோசமான பாட்டில் இடது கோடியுடையதுதான். டோரத்தி அம்மாளின் வீடு இருப்பது வலது கோடியில்.

"ரெண்டு வாரமா இதைத்தான் சொல்றேன், ஃபிராங்க்" என்றார். ஃபிராங்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தோண்டுவது ஒத்திவைக்கப்பட்டது. சோறு நின்று மூன்று திங்கள்கிழமை தண்ணீர் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று முடிவானது. பிறகு ஃபிராங்க் விதிப் புத்தகத்தைப் பிரித்து விரலால் தேடினார். பறவைக்குத் தீனி போட்டால் ஐம்பது டாலர் அபராதம். கோபால் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

டோரத்தி அம்மாள் என் பக்கம் திரும்பினார். சந்தோஷப்படுவார் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவர் கண் கலங்கியிருந்தது, முகத்தில் கோபம்.

"மூணு வாரம் என் பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

நான் தலையை ஆட்டினேன்.

சங்கத்தின் பொருளாளரும் அவர்தான். ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். "கையில எவ்வளவு இருக்கு?" சட்டைப் பையில் ஐந்து டாலர் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கிழித்தார். "வாரம் அஞ்சு. சனிக்கிழமை காலையில. என் கையில கொடுக்கணும். உன் வாத்தையும் நீயே விரட்டணும்."

வாரம் ஐந்து

வாத்துக்குச் சங்கத் தீர்மானம் தெரியாது. சனிக்கிழமை ஏழு மணிக்கு அறுபதும் வந்து கத்தின. விரித்த குடையோடு நான் ஒரு பக்கம், குழம்புச் சட்டி மூடியைத் தட்டிக்கொண்டு பவித்ரா ஒரு பக்கம். அவளுக்கு அது திருவிழா. செல்வி ரப்பர் கையுறை வாங்கிக் கொடுத்தாள். இரும்புச் சீப்பு மாதிரி ஒரு வாரியால் மணலை வாரி, எச்சத்தை வாளி வாளியாக அள்ளினேன். எள்ளுச் சோறு விஷயத்தில் செல்வியே தீர்ப்புச் சொன்னாள். "ஏழரை உங்களுக்குத்தானே? நீங்களே சாப்பிடுங்க."

முதல் இரண்டு சனிக்கிழமையும் டோரத்தி அம்மாள் ரசீதை நீட்டியதோடு சரி. நாற்காலியை விரிக்கவில்லை. நான் நின்றுகொண்டே காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வாத்து இருபதாகி, எட்டாகி, பிறகு எண்ண வேண்டாத அளவுக்கு வந்தது. மூன்றாவது திங்கள்கிழமை மூன்று பாட்டிலும் சுத்தம். செவ்வாய்க்கிழமை பச்சைக் கொடி ஏறியது. தொட்டியைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமை பவித்ரா நடு ஏரியில் கட்டியிருக்கும் மிதவை வரை நீந்திப் போனாள். நான் மணலில் உட்கார்ந்து விரலிடுக்கு வழியாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு காப்பிக் கோப்பை வந்து உட்கார்ந்தது.

"என் மாமியாரும் இந்த வாத்துக்கு ரொட்டி போட்டவங்கதான்" என்றார் டோரத்தி அம்மாள், ஏரியைப் பார்த்தபடி. "யாரும் மினிட்ஸ்ல எழுதல."

கோப்பையை என் பக்கம் நகர்த்திவிட்டு, "சனி கிரகத்துக்கு என்ன பதில் சொன்ன?" என்று கேட்டார்.

"இன்னும் அவர் ஒண்ணும் கேக்கல."

"கேட்டா என் பேரைச் சொல்லு."

முதல் நாள் கொடுத்ததோடு சேர்த்து ஆறு ரசீது ஆனது. அதற்குள் செப்டம்பர் வந்து, மணலில் கயிறு கட்டி, ஏரியை மூடிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் நெவார்க்கில் எங்களுக்கு இண்டர்வியூ. எப்போதாவது அபராதம் கட்டியிருக்கிறீர்களா என்று அதிகாரி கேட்டார். செல்வி என் காலை மிதித்தும் நான் ஒன்று விடாமல் சொன்னேன். காக்கை, எள், பாறை, அறுபது வாத்து, வாரம் ஐந்து டாலர். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார், சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அது எங்க கணக்குல வராது, சார்" என்று மட்டும் சொன்னார். வசந்த காலத்தில் ஜன்னல் வைத்த கவரில் கிரீன் கார்டு வந்தது.

வந்த கையோடு செல்விக்கு டெக்ஸாஸில் வேலை. ஏரி திறப்பதற்கு முன்பே ஊரைக் காலி செய்தோம். எனக்கும் இங்கே வந்து ஒரு கிடங்கில் லாரிக்குப் பில் எழுதும் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் மிச்ச அபராதத்துக்குச் செக் எழுதி டோரத்தி அம்மாளுக்கு அனுப்பினேன். பத்து நாளில் அதே செக் திரும்பி வந்தது. கூடவே ரசீதுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாள், பென்சிலால் எழுதியது: "செக் வாங்குவதில்லை. கையில் கொடுக்கப்பட வேண்டும். தண்ணீர் பதினாறு முடிச்சு."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை அனுப்பினேன், இரண்டு தடவையும் திரும்பியது. விமான டிக்கெட் விலையைப் பார்க்கிறேன், விமானம் விழுமோ என்று யோசிக்கிறேன், அடுத்த கோடை என்று தள்ளிப் போடுகிறேன். என்னை நேரில் வரச் சொல்லி விடாமல் ஒருவர் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறார் என்ற நினைப்பே, பயம் வந்து தூக்கம் கெட்ட எத்தனையோ நாளில் எனக்குத் துணையாக இருந்திருக்கிறது.

அந்த ஏரிக்கு நான் இன்னும் தர வேண்டிய பாக்கி, இருபது டாலர்.